மகிழ்மதியின் படை: உத்தரவே ஆயுதமான பேரரசு

2015 ஜூலை 10-ல் ‘பாகுபலி’ முதல் பாகம் வெளியானது. இரண்டாம் பாகம் வந்தது 2017 ஏப்ரல் 28-ல். இடையில் இருந்த ஒன்றேமுக்கால் ஆண்டும் டீக்கடை, கல்லூரி விடுதி, வாட்ஸ்அப் குழு என எங்கு போனாலும் ஒரே கேள்வி: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்? காதல், பொறாமை, மாறுவேடம், மாந்திரீகம் என்று ஆளுக்கொரு விடையை வைத்திருந்தார்கள். படம் சொன்ன விடையோ மிக எளிது. மேலிடத்து உத்தரவு. ராஜமாதா சிவகாமி சொன்னார், அரியணைக்கு அடிமையான வீரர் கட்டப்பா செய்தார்.

இத்தனை கோடிப் பேர் அலசிய அந்தக் கேள்வி, உண்மையில் ராணுவ ஒழுங்கைப் பற்றிய கேள்வி. தவறான உத்தரவு வந்தால் சிப்பாய் என்ன செய்ய வேண்டும்? மகிழ்மதி என்ற கற்பனைப் பேரரசின் எழுச்சி, வீழ்ச்சி, மீட்சி மூன்றுமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன. அந்தப் படையின் வாளையும் தேரையும் வியூகத்தையும் உண்மை வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதும் பிடிபடும்.

கதை வி. விஜயேந்திர பிரசாத்துடையது, இயக்கம் அவர் மகன் எஸ்.எஸ். ராஜமௌலி. தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட படம் இது. தமிழ் வசனம் மதன் கார்க்கி. தெலுங்கில் மாஹிஷ்மதி, பல்லாலதேவன், பிஜ்ஜலதேவன் என்று வரும் பெயர்கள் தமிழில் மகிழ்மதி, பல்வாள்தேவன், பிங்கலத்தேவன் ஆயின.

நர்மதைக் கரையில் ஓர் ஊர்

பேரரசு கற்பனை. ஊர்ப் பெயர் மட்டும் உண்மையானது. பண்டைய அவந்தி நாட்டின் வடபகுதிக்கு உஜ்ஜயினியும் தென்பகுதிக்கு மாஹிஷ்மதியும் தலைநகரங்களாக இருந்தன. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் இருக்கும் மஹேஷ்வர்தான் அந்த ஊர் என்பார்கள் பலர். ஓங்காரேஷ்வர் அருகிலுள்ள மாந்தாதா என்பவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அகல்யாபாய் ஹோல்கர் ஆட்சி செய்த மஹேஷ்வர் இன்று கோட்டைக்கும் சேலைக்கும் பெயர்போனது.

புராணங்களில் இந்த ஊருக்குப் பெரிய போர்ப் பெருமை இருக்கிறது. ஆயிரம் கைகள் கொண்ட கார்த்தவீரியார்ஜுனன் ஆண்டது இங்கேதான். ராவணனையே பிடித்துச் சிறையில் அடைத்தவன் அவன். மகாபாரதத்தில் ராஜசூய யாகத்துக்காகத் தெற்கே வரும் சகாதேவன் மாஹிஷ்மதியை முற்றுகையிடுகிறான். மன்னன் நீலனின் மகள் மீது காதல் கொண்ட அக்னி தேவன் நகரத்துக்குக் காவல் நிற்கிறான். சகாதேவனின் படையைத் தீ சூழ்கிறது. கடைசியில் சமாதானம் பேசித்தான் கப்பம் வாங்க முடிகிறது.

அவந்தி நாட்டுடன் தமிழகத்துக்கும் பழைய உறவு ஒன்று பதிவாகியிருக்கிறது. வடக்கே படையெடுத்துச் சென்ற கரிகாலனுக்கு அவந்தி வேந்தன் தோரண வாயில் ஒன்றைத் தந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

படத்தின் மகிழ்மதிக்கு நர்மதையும் இல்லை, அக்னியும் இல்லை. கேரளத்தின் அதிரப்பள்ளி அருவியைக் கணினியால் வானளவு உயர்த்தி, அதன் உச்சியில் இருக்கும் ராஜ்ஜியமாக அதைப் படைத்தார்கள். அரண்மனையும் கோட்டையும் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் கலை இயக்குநர் சாபு சிரில் போட்ட செட்டிலும் கணினியிலுமாக எழுந்தன. வாள்கள் எஃகில் செய்யப்படவில்லை. நடிகர்கள் நாள் முழுக்கச் சுழற்ற வேண்டுமே என்று எடை குறைந்த கார்பன் ஃபைபரில் செய்தார்கள்.

அரியணைக்கு யார்?

மகிழ்மதியின் வரலாறு வாரிசுச் சண்டையிலிருந்தே தொடங்குகிறது. மூத்தவன் பிங்கலத்தேவனின் ஒரு கை ஊனம், மனமோ அதைவிடக் கோணல். அதனால் பட்டம் தம்பிக்குப் போகிறது. தம்பி இறக்கிறான். அவன் மனைவியும் குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். பிங்கலத்தேவனின் மனைவி சிவகாமி தன் மகன் பல்வாள்தேவனையும் அந்த அநாதைக் குழந்தை அமரேந்திர பாகுபலியையும் இரு கைகளில் ஏந்தியபடி அரியணையில் அமர்கிறாள். அவையிலேயே கலகம் வெடிக்கிறது. கலகக்காரனைத் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு தகுதியுள்ளவனே மன்னன் என்று அறிவிக்கிறாள்.

எழுத்தில் வராத அரசியலமைப்பு அங்கே பிறக்கிறது. ராஜமாதா வாய் திறந்து சொன்னால் அதுவே சட்டம். மேல்முறையீடு கிடையாது. நல்லவர் ஒருவர் அரியணையில் இருக்கும்வரை இது அற்புதமாக வேலை செய்கிறது. இளவரசர்கள் இருவருக்கும் ஒரே கல்வி, ஒரே பயிற்சி. காலகேயர்கள் என்ற எதிரிக் கூட்டம் படையெடுத்து வரும்போது, எதிரி மன்னனின் தலையை யார் எடுக்கிறானோ அவனுக்கே மகுடம் என்று சிவகாமி அறிவிக்கிறாள். வாரிசைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கூடமாகப் போர்க்களம் மாறுகிறது.

திரிசூல வியூகம்

காலகேயர் போர்தான் முதல் பாகத்தின் உச்சம். எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய எதிரியைத் திரிசூல வியூகத்தால் சந்திப்பது என்று மகிழ்மதி முடிவு செய்கிறது. படை மூன்று முனைகளாகப் பிரிகிறது, இளவரசர்கள் முன்னால் நிற்கிறார்கள்.

கௌடில்யர் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அவருடைய அர்த்தசாஸ்திரத்தின் 10ஆம் அதிகரணம் முழுக்கப் போரைப் பற்றியது. தண்டம், போகம், மண்டலம், அசம்ஹதம் என வியூகங்களை வகை பிரித்து, நடு, பக்கம், விளிம்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் இடம் குறித்துத் தருகிறார். அவர் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. அரசன் சேமப்படையுடன் 200 வில் தூரம் பின்னால் நிற்க வேண்டும், சேமப்படை இல்லாமல் போரில் இறங்கவே கூடாது. சிதறும் படையை மீண்டும் ஒன்றுசேர்க்க அதுதான் வழி. மகிழ்மதியிடம் அந்த ஏற்பாடு கிடையாது. வீரர்கள் பின்வாங்கி ஓடத் தொடங்கும்போது அமரேந்திர பாகுபலியின் பேச்சுதான் அவர்களைத் திருப்புகிறது. சாவைக் கண்டு அஞ்சாதே என்று ஒருவன் குரல் கொடுக்க, ஓடிய படை திரும்பி வருகிறது. சேமப்படை செய்ய வேண்டிய வேலையை இங்கே நாயகன் ஒருவனே செய்துவிடுகிறான்.

ஆயுதப் பங்கீட்டில் பிங்கலத்தேவன் கைவரிசையைக் காட்டுகிறான். கனரக ஆயுதங்கள் மகனுக்குப் போகின்றன, பாகுபலிக்கு மிஞ்சியது சொற்பம். அவன் துணியைக் கையில் எடுக்கிறான். எரிபொருளில் நனைத்த மாபெரும் துணிகளைப் பொறிகளால் வீசி எதிரியின் தலைமேல் போர்த்தி, பிறகு தீயம்பு விடுகிறான். பல்வாள்தேவனுக்கோ முன்னால் கத்திகள் சுழலும் தேர்.

அந்தத் தேரைப் பார்த்துத் தியேட்டரே கைதட்டியது. அது முழுக் கற்பனையும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் மகத மன்னன் அஜாதசத்ரு வைசாலியின் லிச்சவியர்களோடு மோதியபோது இரண்டு புதுக் கருவிகளை இறக்கியதாகச் சமண நூல்கள் சொல்கின்றன. ஒன்று ‘மகாசிலாகண்டகம்’, பெரும் பாறைகளை எறியும் பொறி. மற்றொன்று ‘ரதமுசலம்’, உலக்கை போன்ற ஆயுதம் பொருத்தி, எதிரிகளை அடித்து நொறுக்கிக்கொண்டே ஓடிய தேர். பாரசீகர்களும் அரிவாள் கட்டிய தேர்கள் வைத்திருந்தார்கள். கி.மு. 331-ல் காகமேலா சமவெளியில் மூன்றாம் தாரியஸ் அவற்றை அலெக்சாந்தர் மீது ஏவினான். கிரேக்க வீரர்கள் வரிசையை விலக்கி வழி விட்டார்கள். தேர்கள் நேராக உள்ளே ஓடி மாட்டிக்கொண்டன. மேடு பள்ளம் இல்லாத தரையும், ஒதுங்கத் தெரியாத எதிரியும் இருந்தால்தான் இத்தகைய தேர் வெல்லும். காலகேயர்கள் ஒதுங்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் அதே தேர் சரமாரியாக அம்பு எய்யும் இயந்திரத்தோடு வருகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் மதில் பொறிகளின் பட்டியலைப் படித்தவர்களுக்கு இது அவ்வளவு வியப்பாக இராது. தானாக வளைந்து அம்பு எய்யும் விற்பொறி, கல் எறியும் கவண், பகைவர் மேல் ஊற்றும் கொதிநெய் என்று நீளும் பட்டியல் அது.

போரின் திருப்புமுனையில் காலகேயர்கள் மகிழ்மதியின் குடிமக்களையே கேடயமாக முன்னிறுத்துகிறார்கள். பல்வாள்தேவன் தேரை நிறுத்தவில்லை, தன் மக்கள் மீதே ஏற்றிக்கொண்டு போகிறான். பாகுபலி கயிற்றில் கட்டிய கற்குண்டுகளை வீசி அவர்களைத் தரையில் விழவைத்துக் காப்பாற்றிவிட்டு எதிரியிடம் போகிறான். அதற்குள் காலகேய மன்னனின் உயிரைப் பல்வாள்தேவன் பறித்துவிடுகிறான். சொன்ன நிபந்தனைப்படி மகுடம் அவனுக்கே. சிவகாமியோ மக்களைக் காத்தவனுக்குத்தான் மகுடம் என்று தீர்ப்பை மாற்றுகிறாள். தீர்ப்பு நியாயமானது. ஆனால் விதியை வகுத்தவரே ஒரே வாக்கியத்தில் அதை மாற்றலாம் என்பதும் அன்றே உறுதியாகிவிடுகிறது. பின்னால் அதே அதிகாரம்தான் பாகுபலியின் முதுகில் பாய்கிறது.

தீக்கொம்பு, பனைமரம், எஃகு

மகிழ்மதி எந்த நூற்றாண்டுப் பேரரசு? படையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாம் பாகத்தில் குந்தள தேசத்தைத் தாக்க வருபவர்கள் பிண்டாரிகள். நிஜப் பிண்டாரிகள் மராட்டியப் படைகளோடு திரிந்த கொள்ளைக் குதிரைப் படையினர். 1817-18-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தனிப் போரே நடத்தி அவர்களை ஒடுக்கியது. மகத காலத்துத் தேரும் 19ஆம் நூற்றாண்டுக் கொள்ளையரும் ஒரே கதையில் உலவுகிறார்கள்.

அந்தப் பிண்டாரிகள் மீது பாகுபலி ஏவுவது கொம்பில் தீ எரியும் காளைகளை. அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. கி.மு. 279-ல் சீனாவின் ச்சி நாட்டுத் தளபதி தியான் தான், ஜிமோ நகர முற்றுகையை உடைக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் கொம்பில் கத்தியும் வாலில் தீயும் கட்டி விரட்டினான். கி.மு. 217-ல் இத்தாலியில் ரோமானியரிடம் சிக்கிக்கொண்ட ஹன்னிபால் சுமார் 2,000 மாடுகளின் கொம்பில் சுள்ளிக்கட்டு கட்டிக் கொளுத்தி இரவில் மலையேற விட்டான். தன் படைதான் நகர்கிறது என்று ரோமானியரை நம்பவைத்து வேறு வழியாகத் தப்பினான். அவனுடைய மாடுகள் யாரையும் தாக்க வேண்டியிருக்கவில்லை. ஏமாற்றினால் போதும். பாகுபலியின் காளைகள் தியான் தானின் கட்சி.

இறுதிப் போரில் வளைத்த பனைமரங்களில் வீரர்களைக் கேடயப் பந்தாகச் சுருட்டி மதிலுக்கு மேல் எறிகிறார்களே, அதற்கு மட்டும் எந்த நாட்டு வரலாறும் துணைக்கு வராது. எதிர் எடை கட்டிய இடைக்காலக் கவண்பொறிகள் சுமார் 100 கிலோ கல்லை மதிலுக்கு எறிந்தன என்பது உண்மை. கல் இறங்கியதும் எழுந்து வாளெடுக்க வேண்டியதில்லை!

உண்மை வரலாற்றுக்கு மிக நெருங்கி வருவது முதல் பாகத்தின் சின்னக் காட்சி ஒன்று. சுதீப் நடித்த அஸ்லம் கான் என்ற வெளிநாட்டு ஆயுத வியாபாரி, தன் வாளுக்கு நிகரில்லை என்று மகிழ்மதியில் வந்து பெருமை பேசுகிறான். கட்டப்பாவின் வாளிடம் அது தோற்கிறது. வரலாற்றில் வணிகத்தின் திசை நேர்மாறாகத்தான் ஓடியது. இங்கே வாள் விற்க யாரும் வரவில்லை, எஃகு வாங்கத்தான் வந்தார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் மூசையில் எஃகு காய்ச்சியதற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வணிகர் தவர்னியே கோல்கொண்டா எஃகின் சிறப்பைக் குறித்து வைத்திருக்கிறார். தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வியாபாரிகள் வந்து எஃகு வாங்கிப் போனதை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. படப்பிடிப்பு நடந்த ராமோஜி ஃபிலிம் சிட்டியும் அதே தெலங்கானாவில்தான் இருக்கிறது.

கட்டப்பாவும் வேளைக்காரரும்

அந்தக் காட்சி வாளோடு முடியவில்லை. கட்டப்பாவின் திறமையில் மயங்கிய வியாபாரி, விலை கொடுத்து உன்னை விடுவிக்கிறேன் என்கிறான். கட்டப்பா மறுக்கிறார். மகிழ்மதி அரியணைக்கு அடிமையாக இருப்போம் என்று முன்னோர் கொடுத்த வாக்கு அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆயுதச்சாலைக்குத் தலைவர், இளவரசர்களுக்கு மாமா முறை, படையில் நிகரற்ற வீரர். அரசர் முன்னால் மட்டும் தரைதான்.

வாக்குக் கொடுத்த வீரர்கள் தமிழகத்திலும் இருந்தார்கள். சோழர் படையில் வேளைக்காரர்கள் உயிர் கொடுத்தும் அரசனைக் காப்பதாகச் சபதம் ஏற்றவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பல வேளைக்காரப் படைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. பாண்டியருக்குத் தென்னவன் ஆபத்துதவிகள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னன் இறந்தால் அவனது சிதையில் தாங்களும் பாயும் மெய்க்காவலர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மாமல்லபுரம் திரௌபதி ரதத்தின் உள்சுவரில் கொற்றவையின் காலடியில் ஒரு வீரன் மண்டியிட்டிருக்கிறான். ஒரு கையில் தன் தலைமுடியைப் பற்றி, மறு கையில் கழுத்துக்கு நேரே வாளைப் பிடித்திருக்கிறான்.

இவர்கள் கட்டப்பாவின் மூதாதைகள் போலத் தோன்றுவார்கள். ஒரு வேறுபாடு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகுவின் படையில் இருந்த வேளைக்காரர்களுக்குச் சோழர்மீது படையெடுக்கும்படி உத்தரவு வந்தது. அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்காமல் தளபதிகளைக் கொன்று, பொலன்னறுவை அரண்மனைக்கும் தீ வைத்தார்கள். கலகத்தை மன்னன் கொடூரமாக அடக்கினான். அதே வேளைக்காரர்கள் அவன் காலத்துக்குப் பின் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்பதாகத் தமிழிலேயே கல்வெட்டு வெட்டிக் கொடுத்தார்கள். யாருக்காக வாளெடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

அடிமை வீரர்களும் அப்படித்தான். எகிப்தில் மம்லூக் என்ற அடிமைப் படையினர் 1250-ல் ஆட்சியையே கைப்பற்றி, 1260-ல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரை முறியடித்தார்கள். 1206-ல் டெல்லி சுல்தானகத்தைத் தொடங்கிவைத்த குத்புதீன் ஐபக் அடிமையாக விற்கப்பட்டவர். எத்தியோப்பியாவிலிருந்து அடிமையாக வந்த மாலிக் அம்பர் தக்காணத்தில் அகமதுநகர் ராஜ்ஜியத்தையே தன் கையில் வைத்துக்கொண்டு, 1626-ல் சாகும்வரை முகலாயர்களைத் திணறடித்தார். வரலாற்றில் திறமையும் படையும் கையில் இருந்த அடிமை நெடுங்காலம் அடிமையாகவே இருந்தது அபூர்வம்.

ஆகவே மகிழ்மதியின் மிகப் பெரிய கற்பனை சுழலும் கத்தியில் இல்லை, பறக்கும் வீரர்களிலும் இல்லை. கட்டப்பாதான் அந்தக் கற்பனை. தான் வளர்த்த பிள்ளையின் முதுகில் வாள் பாய்ச்சச் சொல்லும்போதும் மறுக்காத ஒரு தளபதி!

எதிரியின் மொழி

மகிழ்மதி தன்னை நாகரிகம் என்று காட்டிக்கொள்ள ஒரு காட்டுமிராண்டி தேவைப்பட்டது. மகாபாரதத்தில் காலகேயர்கள் ஹிரண்யபுரம் என்ற வான்நகரில் வாழும் அசுரர்கள். அர்ஜுனன் பாசுபதத்தால் அந்த நகரையே அழிக்கிறான். படத்தில் அவர்கள் கரிபூசிய உடலும் முரட்டுக் கூச்சலுமாக வருகிறார்கள். கறுப்பு நிறத்தையே கொடுமையின் அடையாளமாக்கியதை அப்போதே பலர் கண்டித்தார்கள். கண்டனம் நியாயமானதே.

ஆனால் அந்தக் கூச்சலுக்குள் முறையான மொழி ஒன்று இருந்தது. மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். நான் என்பதற்கு ‘மின்’, அதைத் திருப்பிப் போட்டால் ‘நிம்’, நீ. காலகேய மன்னன் இங்கோசியாக நடித்த பிரபாகர் அந்த மொழியில் உறுமியதை மழலைகள்கூடத் திருப்பிச் சொன்னார்கள். மகிழ்மதிக்கென்று தனி மொழி எதுவும் இல்லை. தமிழில் பார்த்தால் தமிழ், தெலுங்கில் பார்த்தால் தெலுங்கு.

இருபத்தைந்து ஆண்டு மௌனம்

படை யாரை நேசித்தது என்பதில் சந்தேகமே இல்லை. சிவகாமி தன் தீர்ப்பை மீண்டும் மாற்றி மகுடத்தைப் பல்வாள்தேவனுக்கே தருகிறாள். அவனது முடிசூட்டு விழாவில் பாகுபலி தளபதியாக உறுதிமொழி எடுக்கும்போது வீரர்கள் எழுப்பும் முழக்கத்தில் மண்டபமே அதிர்கிறது. புது மன்னன் தன் பட்டாபிஷேகத்திலேயே ஓரமாக நிற்பவன்போல் ஆகிவிடுகிறான். ஆனால் அந்த நேசம் வாளாக மாறவில்லை. தளபதிப் பதவி பறிபோகிறது. புதிய தளபதி சேதுபதி பெண்களிடம் கைநீட்டுகிறான், பாகுபலியின் மனைவி தேவசேனா அவன் விரல்களை வெட்டுகிறாள், பாகுபலி தலையை வெட்டுகிறான். தண்டனை அரண்மனையை விட்டு வெளியேற்றம். பிறகு கொலை. இத்தனைக்கும் ஒரு படைப்பிரிவுகூட முரண்டு பிடிக்கவில்லை.

பாகுபலி குற்றமற்றவன் என்ற உண்மை தெரிந்து, அவனது கைக்குழந்தை மகேந்திர பாகுபலியே மன்னன் என்று சிவகாமி அறிவிக்கும்போதும் படை அவள் பின்னால் திரளவில்லை. அவள் குழந்தையோடு ஓட வேண்டியிருக்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அதே படை பல்வாள்தேவனுக்குக் காவல் நிற்கிறது. அவனது நூறடித் தங்கச் சிலையை இழுத்து நிறுத்தும் கூலிகள்தான் பாகுபலியின் பெயரை முதலில் உரக்கச் சொல்கிறார்கள், சிப்பாய்கள் இல்லை. எதிர்த்துப் போராடும் சிறு கூட்டமும் தேவசேனாவின் நாடான குந்தளத்திலிருந்து வந்த கிளர்ச்சியாளர்கள்தான். கடைசியில் மகேந்திரன் கோட்டையைப் பிடிப்பதும் ஊர் மக்களைக் கூட்டிச் சேர்த்த படையோடுதான்.

திரையில் வராத இந்த மறுப்பைப் புத்தகம் எழுதியது. ‘பாகுபலி’க்கு முந்தைய கதையாக ஆனந்த் நீலகண்டன் 2017-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிவகாமி நாவலில், மகிழ்மதி வாள்களின் கூர்மைக்குக் காரணம் ஒருவகை அரிய கல். மலைக்கடியில் அதைத் தோண்டி எடுப்பவர்கள் அடிமைச் சிறுவர்கள். இளம் கட்டப்பா அங்கும் வாக்குத் தவறாத அடிமைதான். ஆனால் அவருக்கு ஒரு தம்பி இருக்கிறான், சிவப்பா. முன்னோர் கொடுத்த வாக்கு என்னைக் கட்டாது என்று அண்ணனோடு வாதாடி, கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் போகிறவன் அவன்.